குடும்ப வரலாற்றுத் தேடல்: படப்பை வட்டாரம்

தாம்பரத்துக்கு மேற்கே, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் அமைந்த படப்பையிலும் அதை ஒட்டிய மணிமங்கலம், ஆதனூர், மண்ணிவாக்கம், ஒரகடம் முதலிய ஊர்களிலும் ஒரு குடும்பத்தின் முன்னோரை ஆவணங்களின் வழியே தேடும் வேலை பெரும்பாலும் நிலத்திலிருந்தே தொடங்குகிறது. நவாபு காலம் முதல் கலெக்டர் காலம் வரை ஆண்டவர்கள் ஆளைவிட நிலத்தைத்தான் அக்கறையாக எழுதிவைத்தார்கள். காணி வைத்திருந்த குடும்பம் நான்கைந்து தலைமுறை பின்னோக்கிப் போக வழியுண்டு. கூலிக்கு ஏர் பிடித்த குடும்பத்துக்குப் பாட்டன் பெயரைத் தாண்டுவதே பெரும்பாடு.

படப்பை முன்பு ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் இருந்தது. இன்று காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூர் வட்டத்தைச் சேர்ந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது தாம்பரமும் முடிச்சூரும் அதனோடு போயின. முடிச்சூரில் வீடும் படப்பையில் நஞ்சையும் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் காகிதங்கள் இப்போது இரண்டு மாவட்டங்களில் கிடக்கும்.

முதல் ஆதாரம் வீட்டுப் பீரோவில் இருக்கும் தாய்ப்பத்திரம். எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர் இருவருக்கும் தகப்பன் பெயர், வயது, ஊர் வரும். பழைய பத்திரங்களில் சாதியும் தொழிலும்கூட வரும். கையெழுத்துப் போடத் தெரியாதவரின் இடது கைப் பெருவிரல் ரேகை, சாட்சிகள், பத்திரம் எழுதியவர் என்று கடைசிப் பக்கம் நிறைந்திருக்கும். ஆனால் தேர்ந்த கண் முதலில் போவது செக்குபந்திக்கு. நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் அந்தச் சில வரிகளில் பக்கத்துக் காணிக்காரர்கள் பெயர் இருக்கிறது. பாகம் பிரிந்த நிலமானால் வடக்கே அண்ணன், கிழக்கே சித்தப்பா மகன் என்று பங்காளிகளே வரிசையாக நிற்பார்கள். வீட்டில் யாரும் பேச்செடுக்காத ஒரு பெரியப்பாவைச் செக்குபந்தியில் கண்டெடுப்பது இங்கே புதிதல்ல.

பத்திரம் தொலைந்தவர்கள் படப்பை சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார்கள். 1975க்குப் பிந்தைய பதிவுகளைப் பெரும்பாலும் கணினியிலேயே காணலாம். அதற்கு முந்தையவற்றுக்கு மனுப் போட்டு அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டச் செய்ய வேண்டும். 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் கார்த் தொழிற்சாலை திறந்தபோது சிப்காட்டைச் சுற்றி நிலத்தின் விலை எகிறிக்கொண்டிருந்தது. வாங்க வந்தவர்களின் வக்கீல்கள் கேட்டார்கள் என்பதற்காகவே பல குடும்பங்கள் தங்கள் வம்சாவளியை முதன்முறையாகக் காகிதத்தில் வரைந்தன. இந்த வட்டாரத்தின் கணிசமான வம்சாவளிப் படங்கள் பாசத்தில் பிறந்தவை அல்ல, லீகல் ஒப்பீனியனில் பிறந்தவை.

பட்டா, சிட்டா, அடங்கல், அ-பதிவேடு ஆகியவை அடுத்த அடுக்கு. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன. அப்போது நுழைந்த பெயர்ப் பிழைகள் ஏராளம் என்பதால் அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டோடு ஒப்பிடாமல் எதையும் நம்பக் கூடாது. அதுவரை கணக்கை வைத்திருந்தவர்கள் பரம்பரைக் கர்ணங்கள். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்தபின் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று கர்ணம் மனத்தில் வைத்திருந்த கணக்கு மட்டும் யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை.

பெண்கள் இந்த ஏடுகளில் நெடுங்காலம் இன்னாரின் மனைவியாகவே வருகிறார்கள். பிறந்த ஊர் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். 1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்தது. அதன்பின் எழுதப்பட்ட பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரங்களில் வாக்கப்பட்டுப் போன மகள்கள் கணவன் பெயரோடும் ஊரோடும் இடம்பெறத் தொடங்கினார்கள். மகளைப் பங்கிலிருந்து விலக்க எழுதிய காகிதமே அவளைப் பதிவில் கொண்டுவந்தது.

பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சென்னை மாகாணச் சட்டம் 1899இல் வந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1969இல். கிராமப் பதிவேடுகளில் பெயர் இல்லாமல் ‘ஆண் குழந்தை’ என்றே நின்றுவிட்ட வரிகள் உண்டு. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டுப் பிறந்த தேதியோ தலைமையாசிரியர் கணித்தது. முந்தைய தலைமுறையில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்திருப்பதன் ரகசியம் அதுதான். குடும்பப் பெயர் இல்லாத வழக்கமும் பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கமும் சேர்ந்து ஒரே பெயரை மாற்றி மாற்றிக் காட்டும். இதை அவிழ்க்கக் குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு உதவும். இதில் நகரத்தார் முன்னோடிகள்: மணமான ஒவ்வோர் ஆணையும் ஒரு புள்ளியாகக் கொண்டு அவர்களின் ஒன்பது கோயில்கள் கணக்கு வைத்திருக்கின்றன.

இன்னும் பின்னே போக 18ஆம் நூற்றாண்டு இருக்கிறது. ஆற்காட்டு நவாபிடமிருந்து கும்பெனிக்கு வந்த செங்கல்பட்டு ஜாகீரில் தாமஸ் பர்னார்டு 1767 முதல் ஏறக்குறைய 2,000 ஊர்களை அளந்தார். நிலம், ஏரி, சாதிவாரி வீடுகள், கோயிலுக்கும் ஊழியக்காரர்களுக்கும் விட்ட மானியம் எல்லாம் அதில் உண்டு. இதற்கு ஆதாரமான ஓலைக் கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. வரலாற்றாய்வாளர் தரம்பால் இவற்றின் அருமையை எடுத்துச் சொன்னார். கலெக்டர் அலுவலகப் பழைய கடிதப் போக்குவரத்துக்கு எழும்பூரில் 1909இல் கட்டி முடித்த ஆவணக் காப்பகம்தான் இடம். பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் தேடுவோர் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போகலாம்.

நிலமற்றோர் நிலம் பெற்ற கதையும் இந்த மாவட்டத்தில்தான் தொடங்கியது. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையின் விளைவாக 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. அந்த நிலங்களே பஞ்சமி நிலம். அ-பதிவேட்டில் டி.சி. (டிப்ரஸ்டு கிளாஸ்) நிபந்தனை என்ற குறிப்பைக் கண்டால் அந்தச் சர்வே எண்ணின் முதல் பட்டாதாரரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பல தலித் குடும்பங்களுக்கு எழுத்தில் கிடைக்கும் மூத்த பெயர் அதுவாக இருக்கலாம். அந்த நிலம் இன்று யார் கையில் என்ற கேள்வி கூடவே வரும் என்பதால் பதிவேட்டைக் காட்டத் தயங்குவோரும் உண்டு.

குடும்ப வரலாற்றுக்கென்றே சங்கம் வைப்பது பிரிட்டனில் ஊறிய வழக்கம். லண்டனில் வம்சாவளியாளர் சங்கம் 1911இலேயே தொடங்கியது. இந்தியத் தொடர்புள்ளவை இரண்டு. தெற்காசியாவின் ஐரோப்பியக் கல்லறைகளைக் கவனிக்கும் சங்கம் 1976இலும், பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் சங்கமான ஃபிபிஸ் 1998இலும் எழுந்தன. தொண்டர்கள் பதிவேட்டைப் பெயர்த்தெழுதி அட்டவணையாக்குவது, கல்லறை வாசகங்களைப் படமெடுப்பது, இதழ் நடத்துவது இவர்கள் பணி. பரங்கிமலை, பல்லாவரம் கன்டோன்மென்ட் குடும்பங்களுக்கும் ரயில்வே ஆங்கிலோ இந்தியர்களுக்கும் இது பெரும் துணை. மாகாணத் தேவாலயங்களிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பிரதிகள் 1698 முதல் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்த சென்னை மாகாணக் கல்லறைச் சாசன நூல் 1905இல் வெளிவந்தது. படப்பை உழவர் குடும்பம் எதையும் இவற்றில் எதிர்பார்க்க முடியாது.

ஆனால் கூலிவேலைக்குக் கப்பலேறிப் போனவர்கள் வேறு பதிவுகளில் அகப்படுவார்கள். 1860இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேரைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுபோய் இறக்கியது. 1911க்குள் போனவர்கள் 1,52,184 பேர். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலில் இருக்கும் மச்சம் தழும்பு வரை உண்டு. மொரீஷியஸ் போனவர்களின் பதிவுகள் மோக்கா நகர் மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. பலருக்குப் புகைப்படமும் உண்டு. எழுதிய குமாஸ்தாக்களுக்குத் தமிழ் ஊர்ப்பெயர் பிடிபடவில்லை. ஆகவே டர்பனிலிருந்து பூர்வீகம் தேடி வருபவர் கையில் இருக்கும் எழுத்துக்கூட்டலை வாய்விட்டுப் படித்து, அந்தத் தாலுகாவின் ஊர்ப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பதே வழி.