பூச்சி பூச்சியாய்த் தெரிந்த தமிழ்

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூணுன்னு ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை சொல்லிடும். பைத்தான் 5 என்கிறது. யூடிஎஃப்-8 கோப்பாகச் சேமித்துப் பார்த்தால் 15 பைட். திருப்பிப் போடச் சொன்னால் முன்னாடி ஒரு புள்ளி அநாதையாகத் தொங்க, பின்னாடி 'ழிமத' என்று வருகிறது. போன மாசம் ஒரு பெயர்ப்பட்டியலை அகரவரிசையில் அடுக்கச் சொன்னேன். கடைசியில் வரவேண்டிய ஜானகி, ஞானத்தை முந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நிரலில் பிழை இல்லை மக்களே. இது 1988-லேயே போட்ட முடிச்சு.

அதுக்கு முன்னாடி கதையைக் கொஞ்சம் பார்த்துடலாம். அந்தக் காலத்துக் கணினியில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட், அதாவது மொத்தம் 256 இடம். அதில் பாதி ஆங்கிலத்துக்குப் போயாச்சு. தமிழை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை, அதனால் அவரவர் இஷ்டம்! கனடாவில் சீனிவாசன் 1984-ல் 'ஆதமி' செய்தார். சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துரு செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' கொண்டுவந்தார். இதில் கவனிக்க வேண்டியது, எல்லாருமே ஊரைவிட்டுத் தள்ளி இருந்தவர்கள். கடிதம் எழுதத் தமிழ் வேண்டும் என்ற தவிப்பு அவங்களுக்குத்தான் அதிகம் போல.

பாமினி எழுத்துரு இன்னொரு வகை. ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் உருவங்களை வரைந்து வைத்துவிட்டார்கள். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டினால் திரையில் 'அம்மா' தெரியும். ஆனா கணினியைப் பொறுத்தவரை அது அம்மா இல்லை, அர்த்தமில்லாத ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு இருக்கும் வரைதான் அம்மா. தேடவும் முடியாது, அடுக்கவும் முடியாது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பூச்சி பூச்சியாகத்தான் தெரியும்.

இந்தக் கூத்தை நிறுத்த 1997 வாக்கில் மின்மடல் குழுவில் பேசிப் பேசி உருவாக்கியதுதான் டிஸ்கி. யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, ராத்திரி கண்விழித்துச் செய்த வேலை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் தன் மின்னூல்களைப் பிறகு இந்த டிஸ்கியில் ஏற்றியது. நடுவில் 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு நடந்தது. அங்கிருந்து தமிழ்நாட்டு அரசின் தரமாக டாம், டாப் என்று இரண்டு குறியீடுகள் வந்தன. ஆக, குழப்பத்தைத் தீர்க்க மூணு தரம் :-) ஆனால் அந்த மாநாடு கொடுத்த தமிழ்99 விசைப்பலகை அருமையான விஷயம். உயிர் ஒரு கை, மெய் ஒரு கை. நான் இதைத் தட்டுவதும் அதில்தான்.

இப்போ முடிச்சுக்கு வருவோம். 1988-ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் சேர்த்து 'இஸ்கி' என்று ஒரு குறியீடு போட்டார்கள். எல்லா மொழிக்கும் ஒரே வரைபடம். தேவநாகரியில் எது எந்த இடமோ, தமிழிலும் அதே இடம். 1991-ல் வந்த யூனிகோட் இதையே எடுத்துக்கொண்டது. அதனால்தான் க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூணு இடம் காலி. ச-வுக்குப் பின்னாடி ஒரு காலி, அப்புறம் ஜ, அப்புறம்தான் ஞ. ந-வை ஒட்டி ன, ர-வை ஒட்டி ற. நம்ம அரிச்சுவடிக்கும் இதுக்கும் ஏணி வெச்சாலும் எட்டாது. இன்னொரு சிக்கலும் உண்டு. இலக்கணப்படி க் என்பதுதான் மூலம், அதோடு அ சேர்ந்தால் க. யூனிகோடில் க-தான் மூலம், புள்ளி தனியாக ஒட்ட வேண்டும். 'தமிழ்' அஞ்சு ஆனது இப்படித்தான். ஒருமுறை இடம் கொடுத்த எழுத்தை யூனிகோடில் நகர்த்த முடியாது என்பதால் இது இனி மாறவும் மாறாது.

வந்ததுமே எல்லாம் வேலை செய்ததா என்றால் அதுவும் இல்லை. 'கெ' என்று எழுத, யூனிகோடில் முதலில் க, பிறகு கொம்பு. திரையில் கொம்பை முன்னாடி தள்ளிக் காட்டுவது இயங்குதளத்தின் வேலை. விண்டோஸ் 98-க்கு அது சரியாக வராது. விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு வந்தது. எக்ஸ்பியிலோ வசதி உள்ளே இருக்கும், ஆனா அணைத்து வைத்திருப்பார்கள். கண்ட்ரோல் பேனலில் தேடிப் பிடித்து டிக் அடித்தால், மூல சிடியைப் போடு என்று கேட்கும். ரிச்சி தெருவில் வாங்கின கணினிக்கு மூல சிடிக்கு எங்கே போவது?

2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடோடு டேஸ்16 என்ற குறியீட்டையும் அரசு தரமாக அறிவித்தார்கள். 247 எழுத்துக்கும் தனித்தனி இடம். நிரல் எழுதுகிறவனுக்கு ஆசையாகத்தான் இருக்கு. ஆனால் யூனிகோடின் தனியார் பயன்பாட்டுப் பகுதியில் அமர்ந்திருப்பதால் உங்க கைப்பேசிக்கு அது என்னவென்றே தெரியாது. எழுத்து சரியாக இருப்பதைவிட எதிராளிக்குத் தெரிவது முக்கியம் என்பது என் கட்சி.

ஏன் இவ்வளவு புலம்பல்னா, 2002-ல் தாத்தா சொல்லச் சொல்ல சித்தப்பா தட்டி வைத்த ஊர்க்கதை 40 பக்கம் ஒரு சிடியில் கிடைத்தது. ஏதோ டிடிபி கடையின் சொந்த எழுத்துரு. என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்கு தமிழ் என்று நான் முயன்ற எந்த மாற்றிக்கும் அது பிடிபடவில்லை. நல்லவேளையாக முதல் பக்கத்துக்கு மட்டும் அச்சுப் பிரதி இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தக் குறி எந்த எழுத்து என்று அட்டவணை போட்டேன், இரண்டு வாரம். முதல் பக்கத்தில் வராத நாலு குறிகளை அர்த்தம் பார்த்து ஊகித்தேன். மூணு சரியாக விழுந்தது. நாலாவது, தாத்தாவின் அம்மா பிறந்த ஊர்ப் பெயரில் மட்டும்தான் வருகிறது. ரூ-வா, று-வா, வேறெதுவுமா தெரியவில்லை. சொல்ல இப்போ தாத்தா இல்லை, சித்தப்பாவுக்கும் ஞாபகம் இல்லை. அந்த எழுத்துக்கு ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

கொசுறு: டிஸ்கி உலகளாவிய குறியீட்டுப் பட்டியலை வைத்திருக்கும் அயானாவில் முறைப்படி பதிவானது 2007-ல். அதுக்குள்ள பாதிப் பேர் யூனிகோடுக்குக் குடிபோயிருந்தாங்க.