'இஸ்'ஸோடு 'இங்' சேர்ந்த கதை

'ஆம், இஸ், ஆர்' மூன்றில் பொருந்துவதைப் போடு. வினைச்சொல்லின் வாலில் 'இங்' சேர். 'ஷி இஸ் ரீடிங்', அவள் படித்துக்கொண்டிருக்கிறாள். ஆங்கில நிகழ்காலத் தொடர்வினையைப் பள்ளிப்பிள்ளைகள் இப்படித்தான் மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு நாளில் படித்துவிடும் இந்த விதி உருவாக ஆங்கிலத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பிடித்தது.

9ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆல்ஃபிரட் மன்னர் காலத்தில், ஒரோசியஸின் லத்தீன் வரலாற்று நூல் ஆங்கிலத்துக்கு வந்தது. அதில் வீரர்கள் போரிட்டுக்கொண்டே இருந்ததைச் சொல்ல, 'இஸ்' போன்ற துணைவினையோடு இன்னொரு வினை சேரும் அமைப்பு வருகிறது. ஆனால் அந்த இரண்டாவது வினையின் வால் 'இங்' அல்ல, 'எண்டெ'. 'இந்த நொடியில்' என்ற பொருளும் அதற்குக் கட்டாயமில்லை.

'இங்' அப்போது தொழிற்பெயரின் விகுதி. வேட்டைக்குப் போயிருப்பவனை 'ஆன் ஹன்டிங்', அதாவது வேட்டையில் இருக்கிறான், என்றார்கள். நாளடைவில் 'ஆன்' தேய்ந்து 'அ' ஆனது. பிறகு அதுவும் உதிர்ந்தது. இதற்கிடையே தென்னிங்கிலாந்துப் பேச்சில் 'எண்டெ' 'இண்டெ'யாகி, கடைசியில் 'இங்'கோடு கலந்துவிட்டது. இன்றைய வடிவம் இந்த இரண்டில் எதன் வாரிசு என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அண்டை மொழியான வெல்ஷிலும் இதைப்போன்ற அமைப்பு இருப்பதால் அதன் செல்வாக்கைச் சொல்வோரும் உண்டு. 'எண்டெ', 'இங்' இரண்டுக்கும் பங்கிருக்கிறது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

1600 வாக்கில்கூட இது கட்டாய இலக்கணமாகவில்லை. 'ஹாம்லெட்' நாடகத்தில், புத்தகமும் கையுமாக வரும் ஹாம்லெட்டிடம் என்ன படிக்கிறீர்கள் என்று போலோனியஸ் கேட்கும்போது ஷேக்ஸ்பியர் சாதாரண நிகழ்காலத்தையே அவர் வாயில் வைக்கிறார். இன்று அந்த இடத்தில் 'ஆர் யூ ரீடிங்' தவிர வேறு வடிவம் வராது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்குப் பிறகுதான் வருகிறது. வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதை 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் 'தி ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றே எழுதினர். வீடு எதையும் கட்டாது என்பது எல்லாருக்கும் தெரியும், அதனால் குழப்பமில்லை. ஆனால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லும்போது, அவர் செய்கிறாரா, அவருக்குச் செய்யப்படுகிறதா என்று தெரியவேண்டுமே! அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் 'இஸ் பீயிங் பில்ட்' என்ற வடிவம் தலைகாட்டியது. 1795இல் இளங்கவிஞர் ராபர்ட் சதே, பல் பிடுங்கப்படும் ஒருவனைப் பற்றிக் கடிதத்தில் எழுதும்போது இதைக் கையாண்டார். புலவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அமெரிக்காவின் ரிச்சர்ட் கிரான்ட் ஒயிட் 1870இல் வெளியிட்ட நூலில், இதைக் கண்டிப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். 'இஸ்', 'பீயிங்' இரண்டும் ஒரே வினையின் வடிவங்கள், அவற்றை அடுத்தடுத்து வைப்பது அர்த்தமற்றது என்பது அவர் வாதம். ஏட்டுக் கணக்கில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் பேசுபவர்களுக்கு அந்த வடிவம் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார்கள். இன்று அதுதான் பாடநூலில் இருக்கிறது. 'ஹவுஸ் இஸ் பில்டிங்' என்று எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் போய்விடும்.

அறிதல், நம்புதல், விரும்புதல் போன்ற நிலையைக் குறிக்கும் வினைகளுக்கு 'இங்' கூடாது என்பது இப்போதுள்ள வேலி. 'ஐ ஆம் நோயிங்' தவறுதான். ஆனால் 2003இல் மெக்டொனால்ட்ஸ் தன் விளம்பர வாசகத்திலேயே 'லவ்' என்ற வினைக்கு 'இங்' சேர்த்தது. அன்றாடப் பேச்சில் அந்த வினை இப்படி வருவதை இப்போது பலரும் பிழையாகவே எண்ணுவதில்லை.