உவப்பும் வெறுப்பும்: நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழர் தம் பண்பாட்டை எடைபோட்ட வரலாறு

முன்னுரை

ஓர் இனம் தன் பண்பாட்டில் எதனை உவக்கிறது, எதனை வெறுக்கிறது என்னும் வினா பெரும்பாலும் மனநிலை பற்றிய வினாவாகவே கொள்ளப்படுகிறது. மலேசியத் தோட்டத் தமிழரைப் பொறுத்தவரையில் அது வரலாற்று வினாவும் ஆகும். அவர்கள் எதை உவக்க வேண்டும், எதை வெறுக்க வேண்டும் என்று பிறர் முடிவு செய்த காலமும் உண்டு. அவர்களே தமக்குள் வாதிட்டு முடிவு செய்த காலமும் உண்டு. நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களைக் களமாகக் கொண்டு இவ்விரு நிலைகளையும் நோக்குவதும், நம் எழுத்துகள் அவற்றுள் எதனைப் பதிவு செய்தன என்று வினவுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டம் வடித்த பண்பாடு

சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இருப்புப்பாதை 1891-இல் திறக்கப்பட்டது. சுங்கை ஊஜோங் பகுதியில் காப்பி பயிரிட்டு வந்த துரைமார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பருக்கு மாறினர். லாபு, ரந்தாவ், லிங்கி, பகாவ், கிம்மாஸ் எனப் பல வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. 1907-இல் தொடங்கப்பட்ட தமிழ்க் குடியேற்ற நிதி தொழிலாளரின் பயணச் செலவை ஏற்றது. வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் ஆள்களைத் திரட்டி வந்தனர். 1938 ஜூன் திங்களில் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்யும் வரையில் இவ்வோட்டம், ஏற்ற இறக்கங்களுடன், தொடர்ந்தது.

கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் அழைத்து வந்தமையால், ஊரின் பண்பாடும் உடன் வந்தது. மாரியம்மன் கோயில், மரத்தடி முனியாண்டி, தீமிதி, தெருக்கூத்து, தாலாட்டு, ஒப்பாரி ஆகியவை லயன்களின் நடுவே மீண்டும் உயிர்பெற்றன. சாதியும் அவற்றோடு கப்பலேறி வந்தது. சில தோட்டங்களில் ஆதிதிராவிடர்க்குத் தனி லயன் ஒதுக்கப்பட்டது. கோயிலின் உட்பகுதி மறுக்கப்பட்டதும் உண்டு.

எனினும், தோட்டத்துப் பண்பாடு ஊர்ப் பண்பாட்டின் வெறும் படியன்று. கோயில் நின்ற நிலம் கம்பெனிக்கு உரியது; திருவிழா விடுமுறை துரையின் இசைவைப் பொறுத்தது; முதல் மரியாதை பெரிய கங்காணிக்கோ கிராணிக்கோ சென்றது. விடியற்காலைப் பெரட்டில் எவர் ஆணையிட்டாரோ அவரே அம்மன் முன்னும் முதல்வராக நின்றார். ஆகவே தொழிலாளி உவந்த விழாவிற்குள்ளேயே, அவன் வெறுத்த அதிகாரமும் இடம்பெற்றிருந்தது. இச்சிக்கலை மனத்திற்கொள்ளாமல், மக்கள் தம் பண்பாட்டை நேசித்தனர் என்றோ வெறுத்தனர் என்றோ ஒரு சொல்லில் கூறிவிட இயலாது.

கள்ளுக்கடை இதற்குத் தக்க சான்று. அது தோட்டத்துக்குள்ளேயே அமைந்தது. அதன் இலாபம் தொழிலாளர் நலனுக்குச் செலவிடப்பட வேண்டும் என்பது விதி. அப்பணம் கோயில் விழாவுக்கும் பயன்பட்டது. குடித்தவன் கூலி கடைக்குச் சென்று, கடையின் இலாபம் கோயிலுக்கு வந்தது. ‘தமிழன் குடிகாரன்’ என்று பழித்த நிருவாகமே அக்குடிக்கு இடமும் ஒழுங்கும் அமைத்துத் தந்தது. குடியைத் தமிழர் பண்பாட்டுக் குறையாகப் பார்ப்பதற்கு முன்னர், இந்த ஏற்பாட்டையும் நாம் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

உள்ளிருந்து எழுந்த மறுப்பு

1929 டிசம்பரில் தந்தை பெரியார் மலாயாவுக்கு வந்தார். சாதி, மூடநம்பிக்கை, வீண் சடங்குச் செலவு ஆகியவற்றுக்கு எதிரான கருத்துகள் அதன் பின்னர் இந்நாட்டில் விரைந்து பரவின. 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு அக்கருத்துகளைத் தோட்டங்கள் வரை கொண்டு சேர்த்தது. எழுத்தறிந்த ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் வழக்கத்தால், செய்தித்தாளின் வீச்சு அதன் படிகளின் எண்ணிக்கையைக் கடந்து நின்றது.

1941-இல் அண்டை மாநிலமான சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகள் கருதத்தக்கவை. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு ஆகியவற்றோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் துரை முன் மிதிவண்டியிலிருந்து இறங்கும் கட்டாயத்தை நீக்க வேண்டும் என்பதும் இடம்பெற்றன. தம் வழக்கங்களுள் ஒன்றையும், தம்மீது சுமத்தப்பட்ட வழக்கங்களுள் ஒன்றையும் ஒரே பட்டியலில் அவர்கள் மறுத்தனர். இழிவு என்று அவர்கள் உணர்ந்தது இவ்விரண்டுக்கும் பொதுவாக இருந்தது.

போருக்குப் பின் 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடை மறியலில் இறங்கியது. பெண்களும் அதில் பங்கேற்றனர். குடியினால் வெறுமையான அடுப்பை நாள்தோறும் கண்டவர்கள் அவர்களே. நெகிரி செம்பிலானில் தொழிற்சங்க வாழ்வைத் தொடங்கிய பி.பி. நாராயணன், 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்செயலாளரானார். தொழிலாளர்க்குக் கங்காணியின் வழியன்றித் தம் குறையைச் சொல்ல ஒரு மேடை கிடைத்தது.

மறுப்போடு ஆக்கமும் நிகழ்ந்தது. 1952 முதல் தமிழர் திருநாள் கொண்டாடப்பட்டது. சமயத்தையும் சாதியையும் கடந்து, மொழியையும் கலையையும் மையமாகக் கொண்ட விழாவாகச் சாரங்கபாணி அதனை வகுத்தார். பழையன சிலவற்றை விலக்கியோர், தாம் உவக்கத்தக்கதொரு விழாவைத் தாமே படைத்துக்கொண்டனர்.

அண்டை வீட்டு வழக்கு

இதே மாநிலத்தில், ஏறத்தாழ இதே காலத்தில், மலாய்க்காரரும் தம் மரபை வழக்காடினர். மினாங்கபாவ் வழிவந்த ‘அடாட் பெர்ப்பாத்தே’ என்னும் தாய்வழி மரபில் மூதாதையர் நிலம் பெண்களுக்கு உரியது. 1909-ஆம் ஆண்டின் வழக்காற்று நிலவுரிமைச் சட்டம் அதனைக் காத்து வந்தது. 1951-இல் ரெம்பாவ் வட்டாரத்தில், அந்நிலம் இஸ்லாமிய மரபுரிமைச் சட்டப்படி பகிரப்பட வேண்டும் என்னும் முன்மொழிவு எழுந்தபோது, பெண்கள் கடுமையாக எதிர்த்தனர், மரபு நிலைத்தது.

தோட்டத் தமிழரின் வாதத்தை இதனோடு ஒப்பிடுகையில் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. ரெம்பாவ்ப் பெண்களின் மரபுக்குக் காலடியில் நிலம் இருந்தது. அதற்குச் சட்டமும் இருந்தது. தோட்டத் தமிழர்க்கோ வீடும் கோயிலும் வேலையோடு கட்டுண்டவை. ஒரு வழக்கத்தை மக்கள் எவ்வளவு உவந்தாலும், அது நிலைபெறுமா என்பதைத் தீர்மானித்தது அவர்கள் விருப்பம் மட்டுமன்று.

இதனை உணர்ந்தோர் இருந்தனர். ஐம்பதுகளின் இறுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கச் செய்தார். ஆயினும் பெரும்பாலான தோட்டங்கள் கம்பெனிகளின் கையிலேயே இருந்தன. நீலாய், லாபு, செனாவாங் பகுதிகளில் தொண்ணூறுகள் முதல் இரப்பரும் செம்பனையும் நின்ற இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. சீர்திருத்தம் அகற்ற முயன்று இயலாத பலவற்றை நில விற்பனை அகற்றிவிட்டது. கள்ளுக்கடையும் லயன் பிரிவினையும் மறைந்ததற்காக எவரும் வருந்தவில்லை. அவற்றோடு நடவாப் பொருளாகிவிட்ட கூத்தும் கூட்டுழைப்பும் ஒப்பாரியும் அதே ஓட்டத்தில் சென்றன.

எஞ்சிய கோயில்களும் மாறின. 1965-இல் நிறுவப்பட்ட மலேசிய இந்து சங்கம் உயிர்ப்பலியையும் மிகையான காவடி வழக்கங்களையும் மறுத்து வந்துள்ளது. முனியாண்டி நின்ற இடங்கள் பலவற்றில் ஆகம முறை புகுந்தது. இதனை வளர்ச்சி என்போரும் உண்டு. தம் குலதெய்வத்தின்மீது நாணம் கற்பிக்கப்பட்டது என்போரும் உண்டு. இரு சாராரும் தோட்டத்தின் மக்களே.

எழுதப்படாத உவப்பு

நமக்குக் கிட்டும் சான்றுகளில் ஒரு சாய்வு உள்ளது. துரைமார் அறிக்கைகள் கட்டுப்பாட்டைக் கருதின. சீர்திருத்தர் ஏடுகள் குறைகளைக் களைய முனைந்தன. தோட்டத்துப் பள்ளி வழியே படித்து வெளியேறிய நாமும், வெளியேறியதன் பெருமையோடு எழுதினோம். ஆகவே வெறுப்பு விரிவாகப் பதிவாயிற்று. உவப்போ, பேசிய வாயோடு நின்றது. பால் வெட்டும் வேளையில் பாடிய பெண், ஆயாக் கொட்டகையில் பிள்ளையைத் தாலாட்டிய கிழவி, இழவு வீட்டில் லயன் முழுவதும் அடுப்பு மூட்டாமல் நின்ற வழக்கம் ஆகியவற்றுக்கு அறிக்கை எழுதியவர் எவரும் இலர்.

இதனைச் சரிசெய்யும் முயற்சியில் மற்றொரு பிழை நேர்தல் கூடாது. பழந்தோட்ட மக்கள் இன்று கோயில் விழாக்களில் ஒன்றுகூடி அக்காலத்தை ஏங்கி நினைக்கின்றனர். அவ்வேக்கம் மெய்யானது. ஆனால் கோயில் வாயிலில் நிறுத்தப்பட்டவரின் பேரனுக்கும், முதல் மரியாதை பெற்றவரின் பேரனுக்கும் நினைவு ஒன்றாக இராது. யாருடைய உவப்பு, யாருடைய வெறுப்பு என்று பிரித்துக் கேட்பதே வரலாற்றாசிரியரின் கடமை.

முடிவுரை

லின்சம், கோம்போக், சுவா பெத்தோங், பிராட்வால், கெர்பி எனத் தோட்டங்களின் பெயர்களை நெகிரி செம்பிலானின் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. அப்பெயர்களுள் எதனையும் தமிழர் இட்டதில்லை. ஆயினும் அவற்றை இன்று உரிமையோடு சொல்பவர் தமிழரே. அப்பள்ளிகளின் ஆசிரியர்கள், தோட்டத்தில் பிறந்த மூத்த தலைமுறை வாழும்போதே, மாணவரை அவர்களிடம் அனுப்பி இரு வினாக்களைக் கேட்கச் செய்யலாம்: தோட்டத்து வாழ்வில் உங்களுக்கு எது பிடித்தது? எது பிடிக்கவில்லை? இரண்டாம் வினாவுக்கான விடையை நம் நூல்கள் ஓரளவு அறியும். முதல் வினாவுக்கான விடையைச் சொல்லத்தக்கோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.