சவாசனமும் மைக்ரோவோல்ட்டும்

எங்கள் சிக்கலுக்கு அருகே வாலிநோக்கம் கடற்கரையில் உப்பளங்கள் உண்டு. உப்புக் கூடையைத் தலையில் தாங்கி அசையாமல் நிற்பவர், இயற்பியல் கணக்குப்படி செய்யும் வேலை சுழி! இடப்பெயர்ச்சி இல்லையல்லவா? ஆனால் அவர் கழுத்து கடுக்கிறதே, ஏன்? சுருங்கிய நிலையிலேயே நிற்கத் தசை இழைகளுக்கு இடைவிடாது ஆற்றல் தேவை. இறுகிய தசை, தன்னுள் செல்லும் இரத்தக் குழாய்களையும் நெருக்கிவிடுகிறது. வலி பிறக்கிறது.

கூடையை இறக்கி வைக்கலாம். கவலையால் இறுகும் தோளையும் தாடையையும் என் செய்வது? அவை இறுகியிருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. அதை அளந்து காட்ட முயன்றவர் அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன். தசைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவை 1791இலேயே கால்வானி தவளைக் காலில் காட்டியிருந்தார். ஜேக்கப்சன் மைக்ரோவோல்ட் அளவிலான, அதாவது வோல்ட்டில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு போன்ற, நுண்ணிய மின்னழுத்தங்களை ஆராய்ந்தார். கையை மடக்குவதாக மனத்தில் எண்ணினாலே போதும். கைத் தசையில் மின்னழுத்தம் தோன்றியது! ஒவ்வொரு தசையாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை விளக்கும் அவரது நூல் 1929இல் வெளிவந்தது.

அசையாது மல்லாந்து கிடக்கும் சவாசனம் களைப்பை நீக்கும் என்று 15ஆம் நூற்றாண்டின் ஹடயோகப் பிரதீபிகை கூறுகிறது. கூறினால் போதுமா? பம்பாயில் டாக்டர் கே. கே. தாத்தே குழுவினர், இரத்தக் கொதிப்புள்ள 47 பேருக்கு இதைப் பயிற்றி, 1969இல் முடிவுகளை வெளியிட்டனர். மருந்து உண்ணாத 10 பேரின் சராசரி இரத்த அழுத்தம் 134 மி.மீ. பாதரசத்திலிருந்து 107க்கு இறங்கியது. மருந்துண்டவர்களில் பலருக்கு மருந்தின் அளவைக் குறைக்க முடிந்தது. வியப்பான முடிவுதான். ஆயினும் ஒரு குறை: பயிற்சி பெறாத நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் இத்தகைய குறையை நான் மாணவர்களுக்கு மன்னிப்பதில்லை.

அந்தக் குறையை நீக்கியவர், இங்கிலாந்தில் பணியாற்றிய இந்திய மருத்துவர் சந்திரா பட்டேல். 34 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு யோகத் தளர்வும், உடல் தளர்வதை உணர்த்தும் மின்கருவியும். மற்றதற்கு வெறும் ஓய்வு மட்டும். 1975இல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்றவர்களின் அழுத்தம் 168/100இலிருந்து 141/84 ஆயிற்று. சும்மா படுத்திருந்தவர்களுக்கும் 169/101 என்பது 160/96 ஆகியிருந்தது!