தகவல் கிராம ஆய்வுத் திட்டம்

தகவல் கிராம ஆய்வுத் திட்டம் என்பது, சிற்றூர் மக்களுக்கு என்ன தகவல் தேவை என்று ஆராய்ந்து, அதைக் கணினியும் கம்பியில்லாத் தொடர்பும் கொண்டு அவர்கள் ஊருக்கே சேர்த்த முயற்சி. சென்னை தரமணியிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் நிதியுதவியுடன் 1998இல் புதுச்சேரிப் பகுதியில் இதைத் தொடங்கியது. அப்பகுதியின் கடற்கரையிலும் உள்நாட்டிலும் உள்ள உழவர், மீனவர் ஊர்களில் இது நடந்தது. கைப்பேசி பரவாத காலத்தில், தொழில்நுட்ப ஆலோசனை ஏழைகளுக்கும் உரியது என்று நடைமுறையில் காட்டியது இத்திட்டத்தின் சிறப்பு.

தோற்றம்

வேளாண் அறிவியலாளர் எம். எஸ். சுவாமிநாதன் 1987இல் உலக உணவுப் பரிசை முதன்முதலாகப் பெற்றார். அந்தப் பரிசுத் தொகையை வைத்து 1988இல் தம் ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். தகவல் தொழில்நுட்பம் எட்டாதவர்களை எப்படி எட்டும் என்பது குறித்து அந்நிறுவனம் 1992இல் சென்னையில் ஒரு கருத்தரங்கு நடத்தியது. அங்கு எழுந்த எண்ணமே பின்னர் திட்டமாக உருப்பெற்றது. வெ. பாலாஜி, தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் ஆகியோர் இதன் வடிவமைப்பிலும் ஆய்விலும் பங்காற்றினர்.

தேவை ஆய்வு

கணினி வாங்குவதற்கு முன்பே ஆய்வாளர்கள் ஊர்களுக்குச் சென்று மக்களிடம் பேசினர். யாரிடம் விலை கேட்கிறீர்கள், விதை பற்றி எங்கே தெரிந்துகொள்கிறீர்கள், அரசு உதவி வருவதை யார் சொல்கிறார்கள் என்பனபோன்ற கேள்விகளுக்கு விடை தேடினர். கடைக்காரரும் சந்தையும் உறவினருமே பெரும்பாலோருக்குச் செய்தி வழிகள் என்பது தெரியவந்தது. தொலைதூரச் செய்தியைவிடப் பக்கத்துச் சந்தையின் நெல் விலை, அரசு மருத்துவமனையில் மருத்துவர் இருக்கும் நேரம், நலத்திட்டத்துக்குத் தகுதி ஆகியவையே அன்றாடத் தேவைகள் என்பதும் புலப்பட்டது. ஊருக்கு ஊர் தேவை மாறியது. நெல்லும் கரும்பும் விளையும் ஊருக்கு ஒன்று. கட்டுமரம் தள்ளும் ஊருக்கு வேறொன்று.

அமைப்பும் நிபந்தனையும்

வில்லியனூர் மைய நிலையமாக இருந்தது. எம்பலம், கீழூர், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம், திருக்காஞ்சி, நல்லவாடு முதலிய ஊர்களில் அறிவு மையங்கள் அமைந்தன. தொலைபேசி இணைப்பு அரிதாகவும் நம்ப முடியாததாகவும் இருந்ததால், காவல்துறையினர் பயன்படுத்துவதுபோன்ற இருவழி வானொலிக் கருவிகளைக் கணினியோடு இணைத்துக் குரலையும் தரவையும் அனுப்பினர். மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய மின்தகடுகள் பொருத்தப்பட்டன.

ஊரார்தான் இடம் தர வேண்டும். அந்த இடத்துக்குள் சாதி, பாலின வேறுபாடின்றி எல்லோரும் வர வேண்டும் என்பது நிபந்தனை. எம்பலத்தில் கோயில் வளாகத்தின் ஒரு பகுதியில் மையம் இயங்கியது. கருவறைப் பக்கம் வழக்கப்படி தடுக்கப்பட்டவர்களும் கணினி இருந்த பக்கத்து வாயிலில் தடையின்றி நுழைந்தனர். 2000ஆம் ஆண்டில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் இதைச் செய்தியாக்கியது. மையங்களை நடத்தியவர்கள் ஊரார் தேர்ந்த தன்னார்வலர்கள். அவர்களில் பெண்கள் மிகுதி. பள்ளிப் படிப்போடு நின்ற பெண்கள் தமிழில் தட்டச்சு செய்து தரவுத் தொகுப்புகளை உருவாக்கினர். ஊரில் அதுவரை பிறரிடம் கேட்டறிந்து வந்தவர்கள், பிறர் கேட்டு வரும் இடத்துக்கு உயர்ந்தனர். ‘நம்ம ஊரு செய்தி’ என்ற இதழும் இத்திட்டத்திலிருந்து வெளிவந்தது.

கடல் தகவல்

வீராம்பட்டினம் மீனவர்கள் கேட்டது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்டுவந்த வங்கக் கடல் அலை முன்கணிப்பை வில்லியனூரில் பதிவிறக்கி, தமிழில் சொல்லிப் பதிவு செய்து, வீராம்பட்டினத்துக்கு அனுப்பினர். கடற்கரையில் கட்டிய ஒலிபெருக்கிகள் அதை ஒலித்தன. எழுத்துத் தெரியாதவருக்கும், வலை பின்னிக்கொண்டிருந்தவருக்கும் அது ஒரே நேரத்தில் எட்டியது. இணையம், வானொலி, ஒலிபெருக்கி, மனிதக் குரல் என நான்கு கருவிகள் ஒரு சங்கிலியாக இணைந்ததே இதன் நுட்பம்.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது நல்லவாட்டில் இந்த அமைப்பு உயிர்காத்தது. சிங்கப்பூரிலிருந்த ஊர் இளைஞர் ஒருவர் செய்தியறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் அறிவு மையத்தைத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்து, எல்லோரையும் கரையிலிருந்து அகற்றினர். படகுகளும் வீடுகளும் அழிந்தன, மக்கள் பிழைத்தனர். நாட்டில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இல்லாத நாள் அது. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் அது 2007இல்தான் செயல்படத் தொடங்கியது.

மரக்காணம் உப்பளக் கரை

தகவல் கிராம முறை மற்றொரு தொழிலுக்கு எப்படிப் பொருந்தும் என்பதற்கு மரக்காணம் உப்பளம் ஓர் எடுத்துக்காட்டு. புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மரக்காணம் அமைந்துள்ளது. பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி இது.

உப்பு விளைச்சல் முழுக்க வெயிலையும் காற்றையும் நம்பியது. சுமார் 3 போமே டிகிரி அடர்த்தியுள்ள கடல்நீர், பாத்தி பாத்தியாக வற்றி ஏறத்தாழ 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கிறது. அடர்த்தி 30 டிகிரியை நெருங்கும் முன் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து கசப்பு ஏறும். கோடையில் ஒரு மணி நேர மழை பெய்தாலும் பல நாள் உழைப்பு கரைந்துபோகும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உற்பத்தியே நின்றுவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது இக்கரை முழுவதும் கனமழை கொட்டியது.

ஆகவே இங்கே பயனுள்ள ஆலோசனை என்பது மூன்று கேள்விகளுக்கான விடை: மழை எப்போது வரும், வாரிய உப்பை எப்போது அம்பாரத்தில் ஏற்றி மூட வேண்டும், தூத்துக்குடி உப்பின் வரத்தைப் பொறுத்து விலை எப்படி இருக்கும். வீராம்பட்டினத்துக்கு அலை உயரம் எப்படியோ, உப்பளத்துக்கு மழைக் கணிப்பு அப்படி. தகவல் கிராம முறை இத்தொழிலுக்கும் அப்படியே பொருந்தும். வானிலைத் துறையின் அறிக்கை பொதுவான கணிப்பாகவே வருகிறது. அதைப் பாத்தியில் நிற்பவரின் முடிவாக மாற்றித் தர, தொழில் தெரிந்த உள்ளூர்க் குரல் வேண்டும்.

வணிக நிறுவனங்களுடன் ஒப்பீடு

தொழில்நுட்பச் சந்தையை ஆராய்ந்து ஆலோசனை விற்கும் நிறுவனங்கள் அமெரிக்காவில் தோன்றியவை. ஃபிராஸ்ட் அண்ட் சல்லிவன் 1961இலும், ஐடிசி 1964இலும், கார்ட்னர் 1979இலும், ஃபாரெஸ்டர் 1983இலும் தொடங்கப்பட்டன. ஃபிராஸ்ட் அண்ட் சல்லிவனுக்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு. சந்தா கட்டும் பெருநிறுவனங்களே இவற்றின் வாடிக்கையாளர்கள். எந்த மென்பொருளை வாங்கலாம், எந்தச் சந்தை வளரும் என்பவை அங்கு கேட்கப்படும் கேள்விகள். தகவலைத் திரட்டுதல், சரிபார்த்தல், முடிவெடுக்க உதவும் வடிவில் தருதல் ஆகிய மூன்று வேலைகளும் இந்நிறுவனங்களுக்கும் தகவல் கிராமத்துக்கும் பொது. பணம் கட்ட முடியாதவருக்கும் அதே கவனத்துடன் அவ்வேலையைச் செய்தது தகவல் கிராமம்.

தொடர்ச்சி

2001இல் இத்திட்டம் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருதைப் பெற்றது. ஒவ்வொரு சிற்றூரிலும் அறிவு மையம் என்ற இலக்குடன் ‘மிஷன் 2007’ இயக்கம் 2004இல் தொடங்கப்பட்டது. 2006இல் நடுவண் அரசு பொதுச் சேவை மையங்களுக்கு ஒப்புதல் அளித்தது. மீன்வளம் உள்ள பகுதி, கடல்நிலை, சந்தை விலை, பன்னாட்டு எல்லை எச்சரிக்கை ஆகியவற்றைக் கைப்பேசியில் தரும் ‘ஃபிஷர் ஃபிரெண்ட்’ செயலியையும் அதே ஆராய்ச்சி நிறுவனம் பின்னர் உருவாக்கியது.

வெளி நிதி குறைந்தால் மையங்களை எப்படித் தொடர்ந்து நடத்துவது என்பது இத்தகைய திட்டங்களின் நிலையான சிக்கல். கைப்பேசி வந்தபின் வானொலிக் கருவிகளுக்கு வேலையும் குறைந்தது. ஆனால் தகவல் கிராமத்தின் வழிமுறை காலாவதியாகவில்லை. முதலில் மக்களைக் கேட்பது, பிறகு கருவியைத் தேர்வது, விடையை அவர்கள் மொழியில் அவர்கள் வேலை நேரத்துக்குள் சேர்ப்பது என்ற அந்த வரிசையைத் தலைகீழாக்கிய திட்டங்களில் கணினிகள் வாங்கப்படுகின்றன, கேள்விகள் விடையின்றி நிற்கின்றன. உப்பளம், மீன்பிடித் துறை, வயல் எதுவானாலும் தகவல் சேவையைத் திட்டமிடுவோர் முதலில் படிக்க வேண்டிய தமிழ்நிலத்து முன்மாதிரி இதுவே.