வாச்சாத்திப் பெண்கள்

தருமபுரி மாவட்டம் அரூர் பகுதியில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் பழங்குடிக் கிராமம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் இவ்வூரில் நடத்திய வன்கொடுமைக்கு எதிராக இங்குள்ள பெண்கள் சாட்சி சொன்னார்கள். 19 ஆண்டுகளுக்குப் பிறகு, குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. சீருடை அணிந்தவர் சொல்லுக்கு எதிராகப் பழங்குடிப் பெண்ணின் சொல் நீதிமன்றத்தில் நிற்கும் என்பதைத் தமிழ்நாட்டில் நிலைநாட்டியவர்கள் இவர்களே.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தடை செய்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 228அ பிரிவாக இருந்த இந்த விதி, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 72-ஆம் பிரிவாக உள்ளது. எனவே அன்று வன்கொடுமைக்கு ஆளாகி, பின்னர் வரலாற்றை மாற்றிய 18 பெண்களில் ஒருவர் பெயரும் இக்கட்டுரையில் இடம்பெறவில்லை.

மலையும் மக்களும்

தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், 24 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் வத்தல்மலை. ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் சாமை, கேழ்வரகு, காப்பி, மிளகு விளையும் சிற்றூர்கள். வாச்சாத்தி இருக்கும் அரூர்ப் பக்கம் சித்தேரி மலை. இரண்டு மலைகளிலும் பெரும்பான்மையாக வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். கேரள மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் என்பது இவர்களின் வாய்மொழி மரபு. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, ஜவ்வாதுமலை என வடதமிழகத்து மலைகளில் பரவி வாழும் இவர்களே தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள். 2011 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்துக்கும் மேல்.

இம்மலைகளில் பெண்ணின் நாள் காட்டோடு கழிகிறது. விறகு, தழை, தேன், புளி, ஆட்டுக்கு மேய்ச்சல் என எதற்கும் காட்டுக்குள் போயாக வேண்டும். ஆட்சியரையோ வட்டாட்சியரையோ வாழ்நாளில் பார்த்திராத பெண்ணும் வனக்காவலரைப் பார்த்திருப்பாள். அவளுக்கு அரசாங்கம் என்றால் அவர்தான். வாச்சாத்தியில் நடந்ததன் கொடுமையை அறிய இந்த உறவை அறிந்திருக்க வேண்டும். வத்தல்மலையிலும் சித்தேரியிலும் காட்டை நம்பி வாழும் எவளுக்கும் அது நேர்ந்திருக்கலாம்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது இதே தருமபுரி மாவட்டத்தில்தான். 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அதைத் தொடங்கியது. கிராமத்துப் பெண்ணை வங்கி வாசலுக்கு அழைத்துச் சென்ற அரசின் இன்னொரு கை, மூன்றே ஆண்டுகளில் வாச்சாத்தியில் என்ன செய்தது என்பதையும் சேர்த்தே இம்மாவட்டத்தின் பெண்கள் வரலாறு எழுதப்பட வேண்டும்.

1992 ஜூன் 20

சந்தனக் கட்டைக் கடத்தல் பெரும் வணிகமாக நடந்த காலம் அது. அக்கடத்தலில் பேர்போன வீரப்பனைத் தேடும் வேட்டையும் நடந்துகொண்டிருந்தது. மரம் வெட்டிய கூலியாட்கள் பிடிபட்டார்கள். கடத்தலால் கொழுத்தவர்கள் பெரும்பாலும் பிடிபடவில்லை. அன்று காலை சோதனைக்கு வந்த வனத்துறையினருக்கும் ஊராருக்கும் தகராறு ஏற்பட்டது. சில மணி நேரத்தில் 155 வனத்துறையினர், 108 காவலர்கள், 6 வருவாய்த்துறையினர் அடங்கிய பெரும்படை ஊரைச் சூழ்ந்தது. ஆண்கள் பலர் மலைக்குள் ஓடிவிட, அகப்பட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள், முதியவர்கள், குழந்தைகள்.

எல்லாரையும் ஆலமரத்தடியில் திரட்டி அடித்தார்கள். பதுக்கிய கட்டைகளை எடுத்துக் காட்டச் சொல்லி 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டு சென்று பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அவர்களில் பள்ளி வயதுச் சிறுமியும் இருந்தாள், கர்ப்பிணியும் இருந்தார். பின்னர் அரூர் வனத்துறை அலுவலகத்தில் அடைத்து வைத்து, ஊர்த் தலைவரான தங்கள் ஊர்க் கவுண்டரைத் துடைப்பத்தால் அடிக்கும்படி பெண்களைக் கட்டாயப்படுத்தினார்கள். ஊரே மதிக்கும் மனிதரை ஊர்ப் பெண்கள் கையாலேயே இழிவுபடுத்தியது, ஒரு சமூகத்தின் உள்ளுறவை அறுக்கும் செயல்.

மொத்தம் 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள் கைது செய்யப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். ஊரில் வீடுகள் நொறுக்கப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன, தானியத்தில் கண்ணாடித் துண்டுகள் கலக்கப்பட்டன, குடிநீர்க் கிணற்றில் எண்ணெய் ஊற்றப்பட்டது. திரும்பி வந்தாலும் யாரும் அங்கே வாழக்கூடாது என்ற நோக்கம் இதில் வெளிப்படை.

பெண்கள் பேசத் தொடங்கியது

ஜூலையில் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர் வழியாகச் செய்தி வெளியே வந்தது. சங்கத் தலைவர்களில் ஒருவரான பெ. சண்முகம் ஊருக்குப் போனபோது ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். உயர் நீதிமன்றத்தை அணுகும்படி உச்ச நீதிமன்றம் கூறியது. அன்றைய மாநில அரசு குற்றச்சாட்டை மறுத்தே வந்தது.

இந்தக் கட்டத்தில் இரண்டு பெண்களின் பங்கு தனித்துச் சொல்லத்தக்கது. ஒருவர் மைதிலி சிவராமன் (1939–2021). அமெரிக்காவில் படித்து, ஐக்கிய நாடுகள் அவைக்கான இந்திய அலுவலகத்தில் பணியாற்றித் திரும்பி, தலித் கூலித் தொழிலாளர்கள் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணிப் படுகொலையை உடனடியாகச் சென்று பதிவு செய்தவர். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவராக வாச்சாத்திப் பெண்களின் வாக்குமூலங்களைத் திரட்டி, தேசியத் தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் முன் வைத்தார். மற்றவர், அந்த ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த இந்திய ஆட்சிப் பணி அதிகாரி பாமதி. நேரில் வந்து விசாரித்து, வன்கொடுமை நடந்தது என்று அறிக்கை கொடுத்தார். அரசு அதிகாரி ஒருவர், அரசு ஊழியர்களுக்கு எதிரான உண்மையை அரசு முத்திரையோடு எழுதிய அறிக்கை அது. அதற்குப் பின் இதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடுவது கடினமாயிற்று.

ஆயினும் இவ்விருவரும் எழுதியது அந்தப் பெண்கள் சொன்னதைத்தான். சொன்னவர்களில் பலர் எழுத்தறிவு பெற்றவர்கள் அல்லர், சிலருக்கு மணமாகியிருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் கல்யாணம் நடக்காது, ஊர் பேசும், அதே வனத்துறை நாளையும் வரும் என்று தெரிந்தே சொன்னார்கள்.

வழக்கு

1995 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணைக்கு உத்தரவிட்டது. 1996-இல் 269 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. அவர்களில் நால்வர் இந்திய வனப் பணி அதிகாரிகள். அடையாள அணிவகுப்பில் பெண்கள் நேருக்கு நேர் நின்று ஆட்களைக் காட்டினார்கள். கோவை, கிருஷ்ணகிரி என்று நகர்ந்த வழக்கு தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் வந்து முடிந்தது.

குறுக்கு விசாரணை இவ்வழக்கின் கடினமான பகுதி. பதின்பருவத்தில் நேர்ந்ததை, தாயான பிறகு, அந்நியர் நிறைந்த அறையில் மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போயிற்று. அப்படியும் சாட்சியங்கள் உடையவில்லை.

2011 செப்டம்பர் 29 அன்று நீதிபதி எஸ். குமரகுரு 269 பேரையும் குற்றவாளிகள் என்று அறிவித்தார். அதற்குள் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரில் வனத்துறையினர் 126, காவல்துறையினர் 84, வருவாய்த்துறையினர் 5. பாலியல் வன்கொடுமைக் குற்றத்துக்காக வனத்துறையைச் சேர்ந்த 17 பேரில் 12 பேருக்குப் பத்தாண்டும் 5 பேருக்கு ஏழாண்டும் சிறை. மற்றவர்களுக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை. எத்தனை ஆண்டு என்பதைக் காட்டிலும், உயிரோடிருந்தவர்கள் ஒருவர் விடாமல் தண்டிக்கப்பட்டதே இத்தீர்ப்பின் பெருமை.

மேல்முறையீடு இன்னும் 12 ஆண்டுகள் நீண்டது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கு நேரில் சென்று இடத்தைப் பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதி செய்து, 18 பெண்களுக்கும், இறந்தவர்களாயின் அவர்களின் குடும்பத்துக்கும், தலா 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டார். அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும். அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் கூறினார்.

உலகில் இவர்களின் இடம்

மகாராட்டிரத்துப் பழங்குடிச் சிறுமி மதுரா, 1972-இல் காவல் நிலையத்தில் வன்கொடுமைக்கு ஆளானார். 1978-இல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. அதனால் எழுந்த போராட்டம் 1983-இல் சட்டத்தைத் திருத்தியது. வாச்சாத்தி நிகழ்ந்த அதே 1992-இல் ராஜஸ்தானின் பன்வாரி தேவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அவர் வழக்கிலிருந்து பிறந்தவை, பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 1997-இன் விசாகா நெறிமுறைகள். இவ்விரு பெண்களும் சட்டத்தை மாற்றினார்கள், தங்கள் வழக்கில் நீதி பெறவில்லை. வாச்சாத்திப் பெண்கள் தங்கள் வழக்கையே வென்றார்கள்.

இவர்களுக்கு மிக நெருங்கிய உறவினர்களைக் குவாதமாலாவில் காணலாம். செபூர் சார்கோ என்னும் ஊரின் மாயாப் பழங்குடிப் பெண்கள், 1980-களில் ராணுவ முகாமில் தங்களை அடிமைப்படுத்தியவர்களுக்கு எதிராக முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். 2016 பிப்ரவரியில் ராணுவ அதிகாரி ஒருவருக்கும் அவருடைய கூட்டாளிக்கும் முறையே 120, 240 ஆண்டுகள் தண்டனை கிடைத்தது. கொரியாவின் கிம் ஹக்-சுன், ஜப்பானிய ராணுவத்தின் பாலியல் அடிமைமுறையை 1991 ஆகஸ்டில் தென் கொரியாவில் முதன்முதலாகத் தன் பெயரோடு வெளிப்படுத்திய பின்னரே பல நாட்டுப் பெண்கள் பேச முன்வந்தனர்.

குவாதமாலாவின் அந்தப் பெண்களை உலகம் அறிந்திருக்கிறது. வாச்சாத்திப் பெண்களைத் தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் அறிய வேண்டும். வத்தல்மலையில் படிக்கும் பெண்பிள்ளை முதலில் அறிய வேண்டும். வயதாகிவரும் இப்பெண்களின் சொற்களை, அவர்கள் இசைந்தால், அடையாளம் காத்து, அவர்கள் குரலிலேயே பதிவு செய்து ஆவணமாக்கும் பணியை மாநில அரசும் பல்கலைக்கழகங்களும் இப்போதே தொடங்க வேண்டும்.