மழை இல்லாததாலயா பட்டாசு வந்தது?

சென்னையிலிருந்து வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் ஒண்ணு சொல்லுவாங்க: "வானம் பார்த்த பூமி, விவசாயம் கிடையாது, அதான் இங்க பட்டாசு வந்துருச்சு." நான் ஆமத்தூர்ல கரிசல் காட்டுல பருத்தியும் மக்காச்சோளமும் போடுறவன். அது பாதிதான் சரி. முதுகுளத்தூர் பக்கமும்தான் மழை இல்லை. அங்கே கரிமூட்டம் புகையுதே தவிர பட்டாசு ஆபீஸ் வரலை. (எங்க பக்கம் பட்டாசு, தீப்பெட்டி போடுற இடத்தை ஆபீஸ்னுதான் சொல்லுவோம்.) இங்க வந்ததுக்குக் காரணம் கைப்பழக்கம்.

1922 வாக்கில் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. முதல்ல ஜெர்மனி இயந்திரம் வாங்கினாங்க. பிறகு அதை ஒதுக்கிட்டுக் கைவேலைக்கு மாறினாங்க. எல்லாமே இந்த இடத்துலதான் திரும்புதுன்னு நான் நினைக்கிறேன். அதே காலத்துல ஸ்வீடன்காரங்களோட விம்கோ கம்பெனி பெரிய இயந்திரத்தோட இந்தியாவுக்கு வந்துச்சு. சென்னையில விம்கோ நகர்னு பேர் வந்தது அவங்க ஆலையாலதான். இங்கயோ தீப்பெட்டி வேலையைச் சின்னச் சின்னதா உடைச்சுட்டாங்க. சட்டத்துல குச்சி அடுக்க ஒருத்தர், மருந்து முக்க ஒருத்தர், பெட்டி ஒட்ட வீட்டுக்கு வீடு ஆட்கள். ஒவ்வொண்ணும் சில நாள்ல பழகிடுற வேலை. சுதந்திரத்துக்குப் பிறகு கைத் தீப்பெட்டிக்கு வரி குறைவா இருந்ததும் பெரிய பலம், அதையும் சொல்லணும். எங்கம்மா அடுப்புல உலை கொதிக்கிறதுக்குள்ள பெட்டி ஒட்டி ஒரு குவியல் சேர்த்துருவாங்க.

தீப்பெட்டிக்கு லேபிள் வேணும்ல? அதுக்காக வந்த அச்சகம்தான் பின்னாடி காலண்டர், டைரின்னு வளர்ந்துச்சு. உங்க வீட்டுத் தினசரி காலண்டரைத் திருப்பிப் பாருங்க, சிவகாசின்னு போட்டிருந்தாலும் இருக்கும். 1940ல வெடிபொருள் விதிகள் வந்து லைசென்ஸ் முறை ஆச்சு. போர்க்காலத்துல வெளிநாட்டுச் சரக்கு நின்னுபோச்சு. அப்ப மருந்துக்குப் பயப்படாத கை, காகிதம் சுத்தி ஒட்டத் தெரிஞ்ச கை, ரெண்டும் இங்க தயாரா இருந்துச்சு. பட்டாசு ஆபீஸ்கள் பெருகின. புதுசா ஆபீஸ் போடுறவருக்கும் பழகின ஆள் பக்கத்து ஊர்லயே கிடைப்பாங்க. வேற ஊர்ல போய் யார் போடுவா?

அந்தக் கைகள்ல பிஞ்சுக் கைகளும் இருந்துச்சு. என்கூடப் படிச்சவங்கள்ல சிலர் விடியுமுன்ன ஆபீஸ் வண்டி ஏறுவாங்க. 1986ல சட்டம் வந்த பிறகும் அது ஒரேயடியா நிக்கலை, மெதுவாத்தான் குறைஞ்சுது. விபத்தைப் பத்தித் தனியாத்தான் எழுதணும். 2012ல முதலிப்பட்டியில அத்தனை உயிர் போச்சு.

இன்னொரு கஷ்டம் வெளியூர்க்காரங்க கண்ணுக்குப் படாது. 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த வெடிக்கும் சரவெடிக்கும் தடை போட்டுச்சு. மாசு குறையணும்கிறதுல எனக்கு மறுப்பு இல்லை. பேரியத்துக்குப் பதில் வேற மருந்து தேட ஆராய்ச்சிக்கூடம் இருக்கு. சரம் பின்னுற பொம்பளைங்களுக்கு என்ன இருக்கு? இருபது, முப்பது வருசம் பின்னின விரல் அது. இத்தனை சரத்துக்கு இவ்வளவுன்னு கூலி. வேகம்தான் அவங்க சொத்து. வேற வேலைக்கு மாறினா முதல் நாள் வந்த புள்ளைக்குச் சமமா உக்காரணும்.

போன புரட்டாசியில எங்க காட்டுக்குக் களையெடுக்க வந்த ஆறு பேர்ல ரெண்டு பேர் சரம் பின்னினவங்க. அதுல ஒரு அக்கா சொன்னாங்க, "தம்பி, மகள் நர்சிங் படிக்கா. அவளுக்குப் பின்னக் கத்துக் குடுக்கவே இல்ல."